ஏவல் ஒழிந்த வீடு

அமெரிக்காவின் எடிசன் நகரில் நஞ்சப்பன் வீட்டில் 1997 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கட்டளைகள் ஒழிக்கப்பட்டன. ஒழித்ததே ஒரு கட்டளைதான் என்பதை பொள்ளாச்சிக்காரியான மனைவி மரகதம் கவனித்தாள்.

மன்ஹாட்டன் ரயிலில் கேட்பதற்காக நஞ்சப்பன் நூலகத்திலிருந்து ஐரோப்பிய அறிவொளிக் காலம் பற்றிய பன்னிரண்டு கேசட்டுகளை எடுத்து வந்திருந்தார். முதல் கேசட்டில் ஒரு ஞானி, குழந்தைக்கு எதையும் காரணம் சொல்லிப் புரியவை என்றார். மூன்றாவதில் இன்னொரு ஞானி, குழந்தைக்கு எதையும் கட்டளையிடாதே என்றார். இந்த இரண்டாமவர் முதலாமவரைக் கிழித்துத் தொங்கவிட்டதும், தன் சொந்தப் பிள்ளைகளை அநாதை விடுதியில் சேர்த்ததும் நான்காவதில் வந்தன. அதைக் கேட்பதற்குள் கேசட்டுகளைத் திருப்பித் தரும் நாள் வந்துவிட்டது. மூன்று கேசட் ஞானம் ஒரு மனிதருக்குத் தாராளம்.

ஏழு வயது மகள் சண்முகப்ரியாவிடம் இனி யாரும் வா, போ, சாப்பிடு என்று சொல்லக்கூடாது; காரணத்தை எடுத்துரைக்க வேண்டும். நஞ்சப்பன் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். காரணம் சொல்லுமளவுக்கு வீட்டுத் தமிழ் அவரிடம் கைவசம் இல்லை; இருந்தது மேடைத் தமிழ்.

ஸ்கூல் பஸ் ஏழு நாற்பதுக்கு. ஷூ அணிவதன் நியாயங்கள் ஏழரைக்குத் தொடங்கும்.

"தே ஆர் மை ஃபீட், அப்பா," என்றாள் சண்முகப்ரியா.

நஞ்சப்பன் பூரித்துப்போனார். "பாத்தியா மரகதம், ஆர்க்யூ பண்றா. சொந்தமா திங்க் பண்றா."

"பஸ்ஸு போயிருச்சுங்க," என்று மரகதம் கார் சாவியைத் தேடினாள். அந்தச் செப்டம்பரில் அவள் ஒன்பது நாள் வேலைக்குத் தாமதமாகப் போனாள்.

அக்டோபரில் நஞ்சப்பனுக்கு ஆபீஸில் புது ப்ராஜெக்ட். ஆறு ஐம்பது ரயிலைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஸ்கூல் பஸ் ஒரு நாளும் தவறவில்லை. தன் முறை வேர்பிடித்துவிட்டது என்று நஞ்சப்பன் டைரியில் குறித்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அவர் காதில் மகளின் தமிழ் விழுந்து மாதக்கணக்காகிவிட்டது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்குத் தெரிந்த தமிழ் பெரும்பாலும் வா, தின்னு, படு, தொடாதே என்பதுதான். கட்டளைகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அம்மா, அப்பா, சாம்பார்.

உறுத்தலுக்குக் காரணம் இருந்தது. தமிழ்ச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் தேவைப்பட்டார். நஞ்சப்பன் அந்தப் பதவிக்கு மனதுக்குள் எப்போதோ பொறுப்பேற்றுவிட்டார். சங்கச் செயலாளர் கிருபைராஜ், நாகர்கோவில்காரர், போனில் சொன்னார்: "சார், பொங்கல் விழாவுல ஒங்களுக்கு பதினைஞ்சு நிமிஷம். ஸ்பீச்சு நல்லா அமைஞ்சா ஸ்கூலு ஒங்களுக்குத்தான். கடைசீல பிள்ளை தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசட்டும். ஜனங்க ரிசல்ட் கேப்பாங்க, பாத்துக்கிடுங்க."

மேடையில் தமிழ் பேசுவதன் அவசியத்தை நஞ்சப்பன் மகளுக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். "ஐ ஆம் நாட் கன்வின்ஸ்ட்," என்றாள் அவள்.

"நீயாவது அவகிட்ட சொல்லேன்," என்றார் மனைவியிடம்.

"நானெப்படீங்க சொல்றது? சட்டம் போட்டிருக்கீங்கல்ல." மரகதம் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "வெசனப்படாதீங்க. பாப்பாவுக்குத் தமிழ் வருமுங்க."

"எப்படி வரும்?"

"வருமுங்க."

விழா ஒரு ஹைஸ்கூல் அரங்கில். முந்நூறு பேர். பின்சுவரை ஒட்டி அலுமினியத் தட்டுகளில் சர்க்கரைப் பொங்கல் காத்திருந்தது. 'அறிவொளியும் அமெரிக்கத் தமிழ்க் குழந்தையும்' என்ற பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்டி, முப்பதைத் தாண்டி, நாற்பதைத் தொட்டது. பொங்கல் இறுகியது. கிருபைராஜ் முதலில் கைக்கடிகாரத்தைக் காட்டினார், பிறகு வயிற்றைக் காட்டினார்.

"உத்தரவு கேட்டு வளர்ந்தவன் ஆயுளுக்கும் உத்தரவுக்கே பணிவான்," என்றார் நஞ்சப்பன். "என் மகள் காரணம் கேட்காமல் அசையமாட்டாள். இப்போது அவளே பேசுவாள்."

மேடைக்கு வருவதன் பயன்களை அவர் மைக்கிலேயே எடுத்துரைக்கத் தொடங்கினார். இரண்டாவது பயனில் சண்முகப்ரியா ஏறி வந்தாள். கிருபைராஜ் மைக்கைத் தாழ்த்தினார். அவள் அப்பாவைப் பார்த்தாள். பொங்கல் தட்டுகளைப் பார்த்தாள். பிறகு அசல் பொள்ளாச்சித் தமிழ், ஒரு பிசிறில்லாமல் வந்தது.

"போதும். வாய மூடு. கீழ எறங்கு. கையக் கழுவிட்டு வந்து உக்காந்து தின்னு. நேரமாச்சு."

மரியாதை விகுதி ஒன்றுகூட இல்லை. ஆறு ஐம்பது ரயில் போன பிறகு அந்த வீட்டில் அவள் கேட்டது அப்படியே வந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நஞ்சப்பன் வாயை மூடினார், கீழே இறங்கினார், கையைக் கழுவினார், உட்கார்ந்தார். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பந்தியில் கிருபைராஜ் மரகதத்திடம் வந்தார். "அக்கா, கமிட்டி கூடிப் பேசியாச்சு. பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்குடுத்தது நீங்கதான்னு எல்லாருக்கும் வெளங்கிட்டு. ஸ்கூலு ஒங்களுக்கு."

மரகதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. நஞ்சப்பன் காரைக் கிளப்பி, ஹீட்டரைப் போட்டார்.

"ஞாயித்துக்கெழமை ஒம்போது மணிக்கு எனக்கு கிளாஸுங்க," என்றாள் மரகதம். "நேரத்துல வண்டிய எடுத்துருங்க."

"சரி," என்றார்.

சண்முகப்ரியா கார்க் கதவருகில் நின்றாள். "வை டு வீ ஹாவ் டு கோ எவ்ரி சண்டே?"

"அதெல்லாம் அப்பா வழியில சொல்லுவாரு," என்றாள் மரகதம். "ஏறு."

ஏறினாள்.