அற்புதத்தின் கையில் கட்டிவிட்ட பட்டை

சில்வியாவுக்கு எடை குறைந்துகொண்டே போனது. அது நிற்கவேண்டும், நிற்காவிட்டால் ஆளே மிஞ்சமாட்டாள்.

எல்லாம் அவளே செய்துகொண்ட வினை. ஆன்லைனில் எடை குறைக்கும் வகுப்பில் சேர்ந்திருந்தாள். கையில் கட்டும் பட்டை அடிகளை எண்ணி ஆப்பில் ஏற்றும். தினம் பத்தாயிரம் அடி வேண்டும். தருமபுரத்தில் தன் தெருமுனைக் கடைக்கே வண்டி எடுக்கிற மகராசிக்கு அதெல்லாம் ஆகிற காரியமா? வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை கிளம்பிய நாத்தனார் அற்புதத்தின் கையில் பட்டையைக் கட்டிவிட்டு, "எனக்காகவும் நடந்துடுங்க அண்ணி" என்றாள். ஏமாற்று வேலை என்று சொல்ல வெட்கம்.

அற்புதம் அதை நேர்ச்சை என்று நினைத்துக்கொண்டார். கால் நோவுக்கு வெள்ளிக் கால் போடுகிற சனம், வேறென்ன நினைக்கும்? கோயில் போய்ச் சேர்ந்ததும் பட்டையைக் கழற்றிக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

போனால் போகிறது என்று விட்டாள் சில்வியா. மறுநாள் ஆப்பில் பத்தாயிரம் அடி ஏறியிருந்தது. அடுத்த நாள் இருபதாயிரம். ஒரு வாரம்கூடச் சார்ஜ் தாங்காத பட்டை, மூன்று மாதமாக நடந்தது. இவள் சோபாவை விட்டு எழவில்லை, எண்பத்திரண்டு கிலோ அறுபதானது. அப்போது குதித்தாள். நாற்பதானபோது பயந்துபோய்த் தின்ன ஆரம்பித்தாள். சட்டியோடு பிரியாணி தின்றும் உடம்பில் ஒட்டவில்லை. ஆப்பை அழித்தும் பயனில்லை. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து ஒரு குறையும் இல்லை என்றார். வகுப்பு நடத்துகிறவன் மட்டும் கைதட்டும் படம் அனுப்பினான்.

ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு, வேளாங்கண்ணியிலிருந்து வருகிற வழியில் உள்ள போலகத்திலிருந்து அற்புதம் போன் செய்தார்.

"ஏன்டி, இப்பதான் எங்க வாசலத் தாண்டிப் போற. கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. நீ எலும்பா போயிட்டன்னு என் தம்பி அழுதானே, நீ பழையபடி நல்லாத்தானே இருக்க?"

 வீட்டில்தான் இருக்கிறேன் என்று கத்திக் கத்திச் சொன்னாள் சில்வியா. ஒன்றும் கேட்கவில்லை என்று அற்புதம் போனை வைத்துவிட்டார்.

வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே இருந்தாள். ஆறு மணிக்குக் கணவன் பிலோமின்ராஜ் வேலை முடிந்து வந்தான். "என்னங்க" என்று கூப்பிட்டாள். அவன் காலி நாற்காலியில் வைப்பதுபோலப் பையை அவள் மடிமேல் வைத்தான். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தான், கண் கலங்கிவிட்டது.

"தேறிட்டியே சில்வியா. இவ்வளவு தூரம் நடந்தா வந்த? உள்ள வா, உக்காரு."

பையை எடுத்து மாட்டிவிட்டு, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு கையால் தூக்கி உதறி, வாசல் பக்கம் போட்டான்.