அறுபத்து நான்கு தொகுதிகள்

ஃபைசுல்லோ அகா கீபோர்டை யூபிஎஸ்ஸோடு சேர்த்தே டாக்சியில் என் பழுதுக் கடைக்குக் கொண்டுவந்தார். கீபோர்டின் உள்ளே இருக்கும் பேட்டரி செத்துவிட்டது. மின்சாரம் நின்றால் நினைவில் உள்ள அத்தனையும் போய்விடும். பதினோரு வருடமாகக் கல்யாணங்களுக்கென்று அவர் செய்த ஒலிகள், அறுபத்து நான்கு தொகுதிகள். மறுநாள் பகலில் கல்யாணம். பேட்டரியை மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் கணினிக்கு எடுத்தாக வேண்டும்.

மதியம் மணி இரண்டு. குளிர்காலத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் மாலை ஐந்து வரைதான்.

பத்து நிமிடத்தில் மூன்று தொகுதிகள் வந்தன.

“சமர்கந்துலேர்ந்து கழுதை வண்டியிலயா வருது, உஸ்தா?” என்றார். கைத்தொழில்காரனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கேபிளை மாற்றினேன். அதே வேகம். கீபோர்டு தாளக் கணக்கை ஓயாமல் அதே கம்பியில் அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். கொஞ்சம் வேகம் கூடியது. அப்போதும் மூன்று மணி நேரம் ஆகும். ஒரு துண்டு வந்த பிறகு அடுத்ததைக் கேட்க நிரல் எடுத்துக்கொள்ளும் இடைவெளியைக் குறைத்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது.

அவர் தேநீர் கேட்டார். நான் கோப்பின் அளவைப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட நூற்று நாற்பது பைட் குறைவு. கீபோர்டு ஒன்றை அனுப்பி முடிக்கும் முன்பே நிரல் அடுத்ததைக் கேட்டிருக்கிறது. ஒரு பைட் குறைந்தாலும் அந்தத் தொகுதியைக் கீபோர்டு திரும்ப ஏற்காது. எந்தெந்தத் தொகுதி என்று கோப்பு சொல்லாது.

கடையில் அதே மாதிரி கீபோர்டு இன்னொன்று பழுதுக்கு வந்து நின்றது. சரியாக்கிவிட்டேன். அதில் ஏற்றிப் பார்த்தால் ஏற்காதவை தெரிந்துவிடும், அவற்றை மட்டும் நிதானமாக மறுபடி எடுக்கலாம் என்றேன்.

“யாரோடது?”

“நெமத்தோடது.”

ஆற்றுக்கு அக்கரை மண்டபத்தில் வாசிப்பவன். ஃபைசுல்லோ அகா கோப்பையைக் கீழே வைத்தார்.

பார்த்ததும் அழித்துவிடுகிறேன் என்றேன். கல்யாணத்தில் வாசிக்கிறவன் தன் ஒலியை அடுத்தவன் கருவியில் வைப்பதில்லை, ஒரு நிமிடம்கூட. அது எனக்கும் தெரியும்.

“என் பொண்டாட்டிய அவன் வீட்டுல படுக்க வெச்சிட்டு, காலையில கூட்டிட்டுப் போன்னு சொல்ற மாதிரி இருக்கு. அவன் சொல்லித்தான் கேக்குறியா?”

பழைய இடைவெளியை வைத்து, முதலிலிருந்து தொடங்கினேன், ஐந்துக்குள் வருகிற வரை வரட்டும் என்று. மணி மூன்று பத்து.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெமத்தின் கீபோர்டுக்கும் எனக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே பனி தொடங்கியது. எண்கள் ஏறின. இருபது. இருபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது.

நாலு நாற்பதுக்கு விளக்கு அணைந்தது. ஐந்து ஆகவில்லை.

யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அவர் எழுந்து அதன்மேல் தன் கோட்டைப் போட்டார். உள்ளிருந்து கத்தியது. எட்டு நிமிடம் தாங்கியது. கீபோர்டின் திரை மங்கி, போனது.

மடிக்கணினியின் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது.

“எத்தனை வந்துச்சு?”

“முப்பத்தி நாலு முழுசா.”

விரல்விட்டு எண்ணினார். நடுவில் நிறுத்தி மறுபடி எண்ணினார்.

“பொண்ணு உள்ள வர்றப்ப வாசிக்கிறது அம்பத்தி ரெண்டுல இருக்கு.”

“அது அவசரமா எடுத்ததுல இருக்கும்.”

“முழுசா இருக்கா?”

“ஏத்திப் பாத்தாத்தான் தெரியும், அகா.”

மின்சாரம் காலை ஐந்து மணிக்குத்தான் வரும், அதுவரை எதிலும் ஏற்றிப் பார்க்க முடியாது. அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். போகவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.