ஆளுக்கு நூறு கண்ணி

கடையிலிருந்து திரும்பும்போது கொக்கி என் மடியில் இருந்தது. டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன். பழைய செய்தித்தாளில் சுற்றிய இரும்பு, வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் தொடையில் இடித்தது. கடையில் நாலு பேர் முன்னால் என் கணவர் என்மேல் எரிந்து விழுந்திருந்தார், அதனால் வீடு போகும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே வருவதென்று இருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"தூங்குற பூனைய புடிச்ச மாதிரி புடிச்சிருக்க. முழிச்சுக்கிட்டா பிராண்டிரும்."

சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் வேலைப் பேச்சு.

நான்கு நாள் முன்பு அடித்த காற்றில் எங்கள் பங்கில் நின்ற ஒரே பெரிய மரம் சாய்ந்தது. சாய்ந்த மரம் எல்லையைத் தாண்டி அவருடைய அண்ணன் பாதையில் விழுந்தது. நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு உத்தரமாகப் போட அந்த மரத்தைத்தான் நினைத்திருந்தோம். கிளைகளைக் கழித்து அடிமரத்தை முழுசாக வைத்திருந்தார் என் கணவர். மூத்தவர் தன் மனைவியிடம் சொல்லி அனுப்பினார்: வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பாதை காலியாக வேண்டும், இல்லாவிட்டால் சனிக்கிழமை அதைத் துண்டு துண்டாக அறுத்து விறகாக்கிவிடுவார். சொன்னால் செய்கிற ஆள். நாங்கள் கடைக்குப் போனது வெள்ளிக்கிழமை காலை.

மரத்தை இழுக்க முழுச் சங்கிலி எங்களிடம் ஏன் இல்லை என்பதையும் எழுத வேண்டும். மாமனார் வைத்திருந்த மரம் இழுக்கிற சங்கிலி இருபது அடி நீளம், விரல் கனம், மொத்தம் இருநூற்றொரு கண்ணி. மரத்தைச் சுற்றுகிற முனையில் வாய் அகன்ற கொக்கி, அதனுள் சங்கிலி வழுக்கி ஓடிச் சுருக்குப் போல இறுகும். டிராக்டர் முனையில் வாய் குறுகிய கொக்கி, அது ஒரே கண்ணியைக் கவ்விக்கொண்டு விடாது. பாகப்பிரிவினையில் நிலம், கொட்டகை, வண்டி எல்லாம் ஒருவழியாகப் பிரிந்தபின் முற்றத்தில் இந்தச் சங்கிலி மட்டும் கிடந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் அரைநாள் நின்றார்கள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று முடித்தது என் கணவர்தான். அந்தப் பழியையும் மூத்தவர் தலையில் போட எனக்கும் ஆசைதான், ஆனால் நான் பக்கத்தில் நின்றேன். வெல்டர் வந்து நடுக் கண்ணியை உருக்கினார். ஆளுக்கு நூறு. அகன்ற கொக்கி எங்களுக்கு, குறுகியது அவர்களுக்கு. பத்தடிச் சங்கிலியை வைத்துக்கொண்டு யாரும் பெரிய மரம் இழுக்க முடியாது என்பது அன்று முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். வெல்டர் மட்டும் வாயைத் திறந்து சொன்னார். அவரைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனார்கள்.

இரும்புக் கடைக்காரருக்கு 'ரெண்டு நாள்' என்று பெயர். எதைக் கேட்டாலும் ரெண்டு நாளில் வந்துவிடும் என்பார். இருபதடி இழுவைச் சங்கிலி கேட்டோம். ரெண்டு நாள் என்றார். கையில் இருந்தது பளபளவென்று மின்னுகிற கேட் சங்கிலி, எவ்வளவு பாரம் தாங்கும் என்று கண்ணியில் எந்த எண்ணும் பொறிக்காதது. நாய் கட்டலாம், அதுவும் நல்ல நாயாக இருந்தால். என் கணவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். வாய் குறுகிய கொக்கியை மட்டும் வாங்கி, இருக்கிற பாதியோடு பூட்டி இழுத்துவிடலாம் என்றார்.

கடைக்காரர் ஒரு கொக்கியை எடுத்துப் போட்டார். பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்தால் பலம்தானே என்றார். கழுத்தில் பதிமூன்று என்று அளவு பொறித்திருந்தது, எங்கள் சங்கிலியோ பத்து மில்லிமீட்டர். பத்துக் கண்ணி பதிமூன்றின் வாயில் நிற்காது, நழுவும். நான் அதைச் சொன்னேன். கடைக்காரர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். என் கணவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"கடையில வந்து டீச்சர் வேல பாக்காத" என்று கத்தினார்.

நான் விடவில்லை. கொண்டுபோன சங்கிலியை அந்த வாயில் மாட்டி ஒரு சுண்டு சுண்டினேன். கழன்று மேசைமேல் விழுந்தது. மேசைக் கண்ணாடி கீறல் விட்டதற்கும் சேர்த்துக் கடைக்காரர் திட்டினார். கடைசியில் உள்ளே போய்ப் பத்து எண் கொக்கியைக் கொண்டுவந்தார். நான் ஜெயித்துவிட்டேன். கொக்கியின் அளவில் ஜெயித்ததில், சங்கிலியின் நீளத்தை நினைக்க மறந்துபோனேன்.

மறந்துபோனேன் என்பதும் முழு உண்மையில்லை. வீட்டுக்கு வந்ததும், அவர் கொக்கியைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நான் மூத்தவர் வீட்டுக்குப் போனேன். ரெண்டு நாள் தவணை கொடுங்கள், முடியாதென்றால் உங்கள் பாதிச் சங்கிலியை ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் வாசல் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே குழாயடியில் என் ஓரகத்தி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் வந்து கேக்கட்டும்" என்றார் மூத்தவர்.

"நான் கேக்குறேனே மாமா."

"அவன் வாயத் தொறந்து கேக்கட்டும். குடுக்குறேன்."

திரும்பி வந்து நான் அதை என் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் ஏன் போனேன் என்று தொடங்கும். எங்கே போனாய் என்றார், அக்காவைப் பார்க்க என்றேன்.

அடிமரத்தின் தடித்த முனை பாதையோரப் பள்ளத்தில் கிடந்தது. இருபதடி இருந்தால் டிராக்டர் பாதையின் கெட்டித் தரையில் தள்ளி நின்று இழுத்திருக்கும். மரத்தைச் சுற்றவே ஆறரை அடி போய்விட்டது. மிச்சம் மூன்றரை அடி. பின்சக்கரங்கள் பள்ளத்தின் விளிம்புக்கே போக வேண்டியிருந்தது. டிராக்டரின் பின்னால், அச்சுக்குக் கீழே, தாழ்வாக ஒரு பட்டை உண்டு. இழுப்பது எதுவானாலும் அதில்தான் மாட்ட வேண்டும். முதலில் அதில்தான் மாட்டினார். மரத்தின் மூக்கு பள்ளத்தின் கரையைக் குத்திக்கொண்டு நின்றது. மூக்கைத் தூக்கினால் ஏறிவிடும் என்று சங்கிலியைக் கழற்றி, சீட்டுக்குப் பின்னால் கலப்பையின் மேல்தண்டு மாட்டும் இடத்தில் மாட்டினார். அவ்வளவு உயரத்தில் மாட்டி இழுக்கக் கூடாதென்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கம்பிக் கதவுக்குப் பின்னால் அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கும்போது தம்பியால் இறங்கி வர முடியாது.

என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். மரம் ஒரு சாண் நகர்ந்து, ஒரு வேரில் முட்டியது. சங்கிலி அறவில்லை, கொக்கி நழுவவில்லை. முன்சக்கரங்கள் எழுந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி பின்பக்கமாகப் புரண்டு அவர்மேல் விழுந்துவிட்டது.

அப்போது கம்பிக் கதவு திறந்தது. மூத்தவர் தன் டிராக்டரோடும் தன் பாதிச் சங்கிலியோடும் வந்தார். இரண்டு பாதியையும் சேர்த்தால்தான் எட்டியது. நாங்கள் அன்று காலை வாங்கிய கொக்கி அவருடைய கண்ணியை அச்சாகக் கவ்வியது. இருபதடியாக நின்று வண்டியைத் தூக்கியது. அதற்குள் தூக்கிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் மூத்தவர் தெளிவாகச் சொன்னார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் சார். யாரும் கேக்கல."

அதிகாரி எழுதிக்கொண்டார். நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் மூத்தவர் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பாதியும் அன்று சேர்த்தபடியே பின்னால் தொங்கின. மரத்தை இழுத்து என் வாசலில் போட்டுவிடுவதாகவும், இனிச் சங்கிலி இப்படியே ஒன்றாக என்னிடமே இருக்கட்டும் என்றும் சொன்னார். குரல் தழுதழுத்தது. நிஜமாகவே தழுதழுத்திருக்கலாம்.

"மரத்தைத் தொடாதீங்க" என்றேன்.

"எத்தன நாளைக்கும்மா பாதையிலயே கெடக்கும்?"

"அவரு வந்து கேக்கட்டும். அவரு வாயத் தொறந்து கேக்கட்டும். அப்பறம் இழுங்க."

நான் வண்டியின் பின்னால் போய், நாங்கள் வாங்கிய கொக்கியை அவர் கண்ணியிலிருந்து விடுவித்தேன். இழுபட்டு இறுகியிருந்தும் ஒரே தட்டில் விட்டது. நல்ல கொக்கி. என் பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து கண்ணிகளை எண்ணினேன். நூறு இருந்தது.

வீட்டுக்கு இரும்பு உத்தரம் போட்டேன். மூத்தவரின் வண்டி இப்போது தன் வயலுக்குள்ளேயே இறங்கிச் சுற்றிப் போகிறது. அறுத்து விறகாக்கவும் அவர் வரவில்லை. மரம் அன்று நகர்ந்தது ஒரு சாண். போன வாரமும் போய் அளந்து பார்த்தேன். அதே ஒரு சாண்தான்.