புகார் வராத கிளைப்பாதை

எங்கள் ரயில்வேயின் முதலாளி ராய்ஸ் கெஸ்லர் என் மேசையில் வைத்த உறுதிமொழிப் பத்திரத்தில் பொய் ஒன்றுகூட இல்லை. லிண்டால் கிளைப்பாதையில் இரண்டு ஆண்டுகளாக ஒரு சரக்குப் பெட்டிகூட ஓடவில்லை. சரக்கு அனுப்புவோர் எவரும் வாஷிங்டனில் உள்ள ரயில் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்து மூலம் புகார் செய்யவில்லை. இவ்விரண்டும் உண்மையானால், விசாரணையின்றியே பாதையை மூடிவிடலாம் என்பது சட்டம். சரக்குப் பிரிவு மேலாளர் என்ற முறையில் நான் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும்.

"ஒரு வரியாவது தப்பா இருக்கா, மெர்ல்? இருந்தா சொல்லுங்க, மாத்திடலாம்."

இல்லை என்றேன். ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகவும் மறுநாள் காலை தாக்கல் செய்யப்போவதாகவும் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத தெற்கு டகோட்டா மூலையில், 1908இல், கோதுமை விவசாயிகள் பங்கு போட்டு அமைத்த ரயில்வே இது. நூற்றுப்பன்னிரண்டு மைல், நான்கு எஞ்சின்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பங்குகளைக் கெஸ்லரிடம் விற்றார்கள். மின்னியாபோலிஸிலிருந்து வந்த அவருக்கு ரயில் ஓட்டுவதில் அக்கறை இல்லை. தண்டவாளம் பழைய இரும்பாக என்ன விலை போகும் என்பதில் இருந்தது. லிண்டாலிலிருந்து யார் பெட்டி கேட்டாலும் இல்லை என்று சொல்லும்படி முதல் வாரத்திலேயே உத்தரவிட்டார்.

கேட்டவர் ஒருவர்தான்: லிண்டால் கூட்டுறவுத் தானியக் கிடங்கின் மேலாளர் ஆர்டிஸ் வோல்டன். பாதை போனால், லாரி வாடகையில் அவருடைய கிடங்கு ஓர் அறுவடையைக்கூடத் தாங்காது. வாரம் தவறாமல் தொலைபேசினார். நானும் வாரம் தவறாமல் இல்லை என்றேன். என் ஜன்னலுக்கு வெளியே, பணிமனைக்குப் பின்னால், நாற்பத்தொரு தானியப் பெட்டிகள் காலியாக நின்றன. சக்கரங்களை மறைத்துப் புல் வளர்ந்திருந்தது.

ஆணையத்துக்கு எழுதப்போவதாக அவர் ஒருமுறை சொன்னார். எழுதினால் முதலாளிக்குக் கோபம் வரும், எதுவானாலும் என்னிடமே பேசுங்கள் என்றேன். நட்பின் பேரில் சொன்னதாகவே நம்பினேன். எழுத்துப் புகார் பற்றிய சட்டத்தின் இரண்டாம் நிபந்தனையை, பத்திரம் என் மேசைக்கு வந்த அன்றுதான் படித்தேன். கெஸ்லருக்கு என் நட்பைவிட மலிவான கருவி கிடைத்திருக்காது.

ஆர்டிஸை வரச் சொல்லித் தொலைபேசினேன். இருபத்தாறு மைல் தூரத்தை அரை மணிக்குள் கடந்து வந்தார். பத்திரத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"அப்போ நான் ஃபோன் பண்ணதெல்லாம்?"

"கணக்குல வராது. எழுதிக் கொடுத்தாதான் புகார்."

"எழுதாதேன்னு சொன்னது நீதானே?"

"நான்தான்."

"ரெண்டு கிறிஸ்துமஸுக்கும் லெஃப்ஸ ரொட்டி சுட்டு அனுப்பினேனே. நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

இன்றைய அஞ்சல் முத்திரையோடு ஒரு புகார் போனால், விசாரணையின்றி மூட முடியாது என்று விளக்கினேன். தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன். அவர் திருப்பித் தள்ளினார்.

"நீயே எழுது. பெட்டி சும்மா நின்னதைப் பார்த்தவன் நீ."

எழுதினேன். பெட்டிகள் கிடைக்கவில்லை என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"கிடைக்கலையா? கொடுக்கலன்னு எழுது. யாரு கொடுக்கலன்னும் எழுது."

அடித்துவிட்டு, என் பெயரை எழுதினேன். அவர் புகார்தாரராகவும் நான் சாட்சியாகவும் கையெழுத்திட்டோம். என் முப்பத்தோராண்டு வேலை அந்தக் கையெழுத்தோடு முடிந்தது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் தாளை மடித்து உறையிலிட்டு ஒட்டினார்.

நானே அஞ்சலகத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று கை நீட்டினேன். அவர் உறையைக் கொடுக்கவில்லை.

"வேணாம், மெர்ல். உன்கிட்ட கொடுத்தா இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

அவருடைய வண்டி அஞ்சலகத்தை நோக்கித் திரும்புவதை ஜன்னல் வழியே பார்த்தேன். லிண்டால் கிளைப்பாதையைக் கடக்கும்போது, ஊரில் இப்போது எல்லோரையும் போலவே, அவரும் ரயில் வருகிறதா என்று இருபுறமும் பார்க்கவில்லை.