இருநூறு வீட்டுத் தண்ணீர்

அக்காவின் கணவர் இந்த ஊருக்குக் குடியேறித் தேயிலைக் கடை திறந்த முதல் மாதத்திலேயே தெருக்காரர்கள் அவருக்குத் ‘தாகம்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் டம்ளரும் கையுமாகக் கிளம்புவார். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, அரைகுறையாகக் கற்ற ஊர் மொழியில் கொஞ்சம் தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டு ஒரு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

அவரை நம்பிக் கடல் கடந்து வந்த எனக்கு மானம் போயிற்று.

“அத்தான், வியாபாரம் பண்ண வந்தோமா, பிச்சை எடுக்க வந்தோமா?”

“தண்ணிதானே மச்சான் கேட்டேன். உங்க அக்காவையே கேட்டு வாங்கினவன் நான்.”

தேயிலை சலித்துக்கொண்டிருந்த அக்கா, “அன்னிக்கே தண்ணி மட்டும் குடுத்து அனுப்பியிருக்கணும்” என்றாள்.

மறுவாரமே எங்கள் சிரிப்பு அடங்கியது. எங்கள் பெரிய வாடிக்கை, ஆற்றோரத் தெருவில் விடுதி நடத்தும் அம்மாள். வாங்கிய தேயிலையை மூட்டையோடு கொண்டுவந்து இறக்கினார். கடையில் ருசி பார்த்தபோது செக்கச்செவேலென்று இருந்த தேநீர், விடுதியில் போட்டால் சேற்று நிறமாம். மேலே ஏடுபோலப் படலமாம்.

“நல்லதைக் காட்டி மட்டத்தைத் தலையில கட்டுறீங்க. நாளைக்கு வருவேன். இதே மாதிரி இருந்தா வேற கடை பார்த்துக்குவேன்.”

அவர் போனால் கடையை மூட வேண்டியதுதான். அத்தான் பதறவில்லை. “வரும்போது உங்க வீட்டுத் தண்ணி ஒரு குடம் கொண்டுவாங்க” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மதியமே மூன்று பாட்டில்களை அவர் முன் வைத்தேன்.

“எது எந்தத் தண்ணின்னு சொல்லுங்க. முடியலைன்னா மூட்டை கட்டுவோம்.”

முதலாவதை ஒரு மிடறு வாயில் நிறுத்தி விழுங்கினார். “நம்ம குழாய்.” இரண்டாவதுக்கு நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தார். “ஆத்தோரத் தெருக் கிணறு. சுண்ணாம்பு தூக்கல்.”

மூன்றாவதில் தடுமாறினார். மறுபடி குடித்தார். நோட்டைப் புரட்டினார். உள்ளூர எனக்குக் குரூரமான ஒரு சந்தோஷம்.

“இந்த ஊர்ல இப்படி ஒரு தண்ணி கிடையாதே...” என்று முனகியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “பாதி இது, பாதி அது. கலந்தது நீதானே மச்சான்?”

அக்காவின் கையில் சல்லடை அப்படியே நின்றது. நான் கலந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். இருநூறு வீடுகளுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு விலாசத்துக்கும் எதிரே ஒற்றைச் சொல்: கரடு, வழவழப்பு, இரும்பு, சப்பு. ஓர் ஊர் மொத்தமும் இந்த மனிதரின் நாக்கில் குடியிருந்தது.

பாட்டிலில் மிஞ்சிய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தார். பெரிய இலையைக் குறைத்து, கறுத்த பொடியைக் கூட்டி, ஆறு முறை மாற்றி மாற்றிக் கலந்தார்.

மறுநாள் விடுதி அம்மாள் கொண்டுவந்த தண்ணீரிலேயே தேநீர் போட்டார். அம்மாள் கண்ணாடி டம்ளரை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். செம்பு நிறம். படலம் இருந்தது, நூலளவு. ஒரு வாய் குடித்தார். மீதியையும் குடித்தார்.

“என் கிணத்துக்குன்னே ஒரு தேயிலையா?” என்றார், டம்ளரைக் கீழே வைக்க மனமில்லாமல். “இனி இதையே அனுப்புங்க.”

அவர் போனபின், யாரும் பார்க்காதபோது, இரண்டு டம்ளர்களில் குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு, அவர் செய்தது போலவே வாயில் நிறுத்திக் குடித்தேன்.

இரண்டும் தண்ணீராகத்தான் இருந்தன.