செலினின் மஞ்சள்

முதல் உலகப் போர் முடிந்த அடுத்த வசந்தத்தில், பாரிஸில் ஒரு கண்காட்சியில், இறந்துபோன தங்கை செலினின் படத்தைப் பார்க்கப் போனாள் ஒனோரின். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை ஓவியர் ரெமி கட்டம் கட்டமாக உடைத்துத் தீட்டியிருந்தார். முகம் அடர்ந்த மஞ்சள். தோள்கள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன.

பக்கத்தில் நின்ற பெரிய மனிதர் மனைவிக்கு விளக்கினார்: "மஞ்சள்னா வெயில், சந்தோஷம். சரிஞ்ச தோள்ல பெண்ணோட விடுதலை தெரியுது பாரு."

"ஐயா, அவ என் தங்கச்சி," என்றாள் ஒனோரின். "போர்ல குண்டுக்கு வெடிமருந்து அடைக்கிற வேலை பார்த்தா. அந்த மருந்துதான் தோலை மஞ்சளாக்குச்சு. ஈரல் கெட்டு, நிமிர்ந்து உட்கார முடியாமத்தான் சாஞ்சிருக்கா."

"ஓவியத்தை அப்படிப் பார்க்கக் கூடாதும்மா," என்று அவர் நகர்ந்துவிட்டார்.

கூடத்தின் மறுமூலையில் நின்றிருந்த ரெமியிடம் ஒனோரின் போனாள். "அவ உடம்பு சரியில்லன்னு உங்களுக்குமா தெரியல?"

அவர் தலை குனிந்தார். "கண்ணுல பட்டதைத்தான் போட்டேன். அந்த நிறம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு தோணவே இல்ல."

"படத்துக்குக் கீழே 'அமர்ந்திருக்கும் பெண்'னு இருக்கு. அவ பேரை எழுதுங்க."

ரெமி பென்சிலை எடுத்தார்.

"அவங்க பேர் என்ன?" என்று கேட்டார்.