மாமியாரிடம் பேசியவர்

நாலு வருஷ ஆராய்ச்சியில் பெனிஷாவுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி வல்லம் வடகாலில் இருந்து வந்தது. அங்கே மட்டும் மொழிபெயர்ப்புப் பொறி யாரிடமும் பாரபட்சம் காட்டவில்லை.

அவளுடைய முனைவர் பட்டத் தலைப்பு மூச்சு வாங்குகிற அளவுக்கு நீளம். விஷயம் என்னவோ சின்னதுதான். இயந்திரம் மொழிபெயர்க்கும்போது எல்லோருடைய பேச்சையும் ஒரே மாதிரி மதிக்கிறதா? தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறதா? அவள் போன மற்ற இடங்களில் எல்லாம் இல்லை என்றே பதில் வந்திருந்தது. செய்தி வாசிக்கிற தமிழை அழகாக ஆங்கிலமாக்கும். ஆட்டோ ஸ்டாண்டில் பேசுகிற தமிழைப் பாதி விழுங்கிவிட்டு, மீதியை வழவழவென்று எழுதிக் கொடுக்கும். விழுங்கினதற்கு ஒரு தடயம்கூட இருக்காது. படிக்கிறவன் முழுசாகப் படித்துவிட்டதாக நினைப்பான்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் காருக்கு உலோக பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில், கேன்டீன் வாசலில் சுவரோடு ஒரு டேப்லெட் மாட்டியிருந்தார்கள். தொழிலாளி தன் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத் தன் பேச்சில் புகார் சொல்லலாம். அது ஆங்கிலமாகி, தமிழ் தெரியாத பாதுகாப்பு மேலாளருக்குப் போகும். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய அந்த ஏற்பாட்டில் நானூற்றுச் சொச்சம் புகார்கள் சேர்ந்திருந்தன. பேசின குரலைக் கம்பெனி வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே அழித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் பெனிஷாதான். தொழிலாளியின் பாதுகாப்புக்காக. எனவே அவள் கையில் இருந்தது பொறி எழுதிக்கொண்ட தமிழும், அதன் ஆங்கிலமும், அட்டை எண்ணும்தான். பராமரிப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தாள். புகாரில் சொன்ன பழுது அந்த இடத்தில் அப்படியே இருந்தது. உள்ளூர்க்காரர், தெற்கத்திக்காரர், ஆண், பெண் என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் வித்தியாசம் இல்லை.

பொறி எழுதியிருந்த தமிழ் எல்லாமே புத்தகத் தமிழாக இருந்தது. கொச்சைப் பேச்சைப் பொறியே திருத்தி எழுதிக்கொள்கிறது போல என்று நினைத்து, அதைப் பாராட்டி இரண்டு பக்கம் எழுதினாள். அவளுடைய நெறியாளர் பேராசிரியர் வனமாமலை அந்த இரண்டு பக்கத்துக்கும் கீழே பச்சை மையில் கோடு போட்டு, "அருமை" என்று எழுதியிருந்தார்.

ஆய்வேட்டைக் கொடுக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. பாக்கி, சில பேரிடம் ஒப்புதல் கையெழுத்து. அதற்காகத்தான் அன்று மத்தியானம், காலை ஷிப்ட் முடிகிற நேரத்தில், கேன்டீன் பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

நாலாவதாக வந்தவர் மண்ணாங்கட்டி. கழுவும் தொட்டிப் பக்கம் வேலை செய்கிற கான்ட்ராக்ட் ஆள், ஐம்பதைத் தாண்டியவர். பெனிஷா வழக்கம்போல அவருடைய புகாரை அவருக்கே படித்துக் காட்டினாள்.

"'கழுவும் தொட்டிக்கு மேலுள்ள மின்விசிறி மூன்று நாட்களாக இயங்கவில்லை. ஆவி வெளியேறாததால் தொண்டை எரிகிறது.' இது நீங்க சொன்னதுதானே?"

மண்ணாங்கட்டி சிரித்த சிரிப்பில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யம்மா, என் வாயில இந்த மாரி வருமா? கலெக்டரு கணக்கா கீது."

"கார்டு உங்களுதுதானே?"

"கார்டு என்துதான். வாய் ஜாஸ்மினுது."

பெனிஷாவுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "நம்ம பேசினா மாமியாருக்குப் புரியாதும்மா. ஜாஸ்மினு பேசினா புரியும். அதான் கார்ட அதுகிட்ட குடுத்துட்டு, விஷயத்த சொல்லிட்டு, சோறு துன்னப் போயிடுவோம்."

"மாமியாரா?"

"அதோ தொங்குது பாரு செவுத்துல. நம்ம ஒண்ணு சொன்னா அது மேல போயி வேற ஒண்ணு சொல்லும். பின்ன மாமியா இல்லாம இன்னா?"

பெனிஷாவின் லேப்டாப்பிலும் அதே பொறி இருந்தது. அதை அவர் பக்கம் திருப்பி, விசிறிக் கதையை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னாள். அவர் தயங்கவில்லை.

"அந்த ஃபேனு மூணு நாளா ஊத்திக்கினு கெடக்குது சார். ஒரு பய வந்து எட்டிப் பாக்கல. பொகை மூஞ்சிலயே அடிக்குது. தொண்டையெல்லாம் காந்துது. வூட்டுக்குப் போனா எச்சி முழுங்க முடியல. செத்தாதான் வருவீங்களா?"

பொறி ஒரு வினாடி யோசித்தது. திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி வந்தது. எந்தப் பிழையும் இல்லாத, பணிவான வரி.

"இன்னான்னு சொல்லுது?"

"விசிறி நல்லா இருக்கு, உங்கள் கவனிப்புக்கு நன்றின்னு."

"பாத்தியா," என்றார் மண்ணாங்கட்டி, யாரையோ கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்த திருப்தியோடு. "கையெழுத்து எங்க போடணும்?"

அவள் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

*

ஜாஸ்மின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். வயது முப்பத்து நாலு. படப்பையில் வீடு. பத்து வயதிலிருந்து அவர்கள் சர்ச்சில் வேத வாசிப்பு அவளுடையது. ஒரு எழுத்தைக்கூட மென்று விழுங்காமல், நிறுத்தி, தெளிவாகப் படிப்பாள். மாமியாருக்குப் பிடித்த குரல் அதுதான். பெனிஷா அவளை மெயின் கேட்டுக்கு வெளியே, கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பிடித்தாள். கார்களை ஏற்றிய டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பேசுவதைவிடக் கத்த வேண்டியிருந்தது.

"யாரு சொன்னது? அந்த ஆளா? அவர் வாயில தையல் போட்டாலும் நிக்காது."

"எத்தன பேருக்குப் பேசியிருக்கீங்க சிஸ்டர்?"

"கேக்கறவங்க எல்லாருக்கும்தான். சாப்பாட்டு டைம்ல வரிசையா நிப்பாங்க, ரேஷன் கடை மாதிரி. நான் சாப்பிட்டனான்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

"நான் ரெண்டு தடவ வந்து எல்லார்கிட்டயும் பேசினேனே. ஒருத்தர்கூட சொல்லலையே."

"நீங்க எச்.ஆர். ரகுபதி கூட வந்தீங்க, எச்.ஆர். ரகுபதி கூட போனீங்க. அந்தாள் பக்கத்துல நிக்கறப்ப, மத்தவங்க கார்ட நான் யூஸ் பண்றேன்னு சொல்லச் சொல்றீங்களா? ஒருத்தர் கார்ட இன்னொருத்தர் தொட்டாலே டிஸ்மிஸ். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கான். ஏழு வருஷம் கான்ட்ராக்ட்ல கெடந்து, போன கிறிஸ்மஸுக்குத்தான் எனக்கு பர்மனென்ட் ஆச்சு."

பெனிஷா டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அப்புறம் நாச்சியார் மேடத்த நீங்கதான அனுப்பினீங்க?" என்றாள் ஜாஸ்மின்.

"யாரு நாச்சியார்?"

"நல்லா கேட்டீங்க. வெல்ஃபேர்ல இருந்தவங்க. ஒரு நோட்ட எடுத்துக்கினு லைன் லைனா நடப்பாங்க. இன்னா பாட்டு பாடினாலும் எழுதிக்கினு போயி, மேல சண்ட போடுவாங்க. மிஷினுக்கே எல்லாம் புரியுதுன்னு ரிப்போர்ட் வந்துச்சு, இனிமே அந்தப் போஸ்ட் வேணாம்னு எடுத்துட்டாங்க. காலேஜ்ல இருந்து வந்த ரிப்போர்ட்டுன்னு சொன்னாங்க. அது நீங்கதான?"

அவள்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் கம்பெனிக்குக் கொடுத்த இடைக்கால அறிக்கையில், 'மனித இடையீட்டின் தேவை கணிசமாகக் குறைந்துள்ளது' என்று அவளே எழுதியிருந்தாள். அந்த வரியை எழுதியபோது அது யாருடைய வேலை என்று அவள் யோசிக்கவில்லை.

"நீங்க லீவு போட்டா என்ன பண்ணுவாங்க?"

"இன்னா பண்ணுவாங்க, அவங்களே பேசுவாங்க." ஜாஸ்மின் டம்ளரைப் பலகையில் வைத்தாள். "நான் லீவு போட்டா அன்னிக்குக் கம்பெனில ஒரு கொறையும் இருக்காது மேடம்."

பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவள் திரும்பி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்க்கத்தான் பெனிஷாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"எழுதாதீங்க மேடம். உங்களுக்கு அது ஒரு பக்கம். எனக்கு அது சோறு."

*

வாலாஜாபாத்தில் வீட்டுக்கு வந்ததும் பெனிஷா பழைய கோப்பைத் திறந்தாள். வல்லம் வடகால் பதிவுகளை அலசத் தொடங்கியபோதே அவள் முப்பத்தொரு பதிவுகளை ஒதுக்கி வைத்திருந்தாள். அவற்றுக்கு அவள் கொடுத்த பெயர் 'பாராட்டுகள்'. உணவு நன்றாக உள்ளது. பணிச்சூழல் திருப்தி. உங்கள் கவனிப்புக்கு நன்றி. இவை புகார் இல்லையே என்று கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தாள். இப்போது தேதிகளைப் பார்த்தாள். பதினேழு பதிவுகள் ஜூன் மாதத்தின் ஒரே பன்னிரண்டு நாட்களுக்குள் இருந்தன. மீதி அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஜாஸ்மினுக்கு ஃபோன் போட்டு ஜூனில் லீவா என்று கேட்டாள்.

"டைபாய்டு. ரெண்டு வாரம் படுத்துட்டேன். ஏன்?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

முப்பத்தொரு பேர் தங்கள் வாயால் பேசியிருக்கிறார்கள். பொறி ஒவ்வொருவருக்கும் ஒரு நன்றியை எழுதி மேலே அனுப்பியிருக்கிறது. ஆராய்ச்சி செய்ய வந்தவள் அதைக் குப்பையில் போட்டிருக்கிறாள். விழுங்குகிற பொறியைப் பிடிக்கப் போனவளும் அதையேதான் செய்திருந்தாள்.

மறுநாள் வனமாமலையின் அறையில் எல்லாவற்றையும் சொன்னாள், பெயரை மட்டும் விட்டு. அவர் முதலில் தலையில் கைவைத்தார். பிறகு தேதிகளைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பெனிஷா, உனக்கு என்ன கிடைச்சிருக்குன்னு தெரியுதா? ஒரு ஆள் இருந்தா பொறி நேர்மையா இருக்கு, அந்த ஆள் இல்லைன்னா பொய் சொல்லுது. தேதியோட, அட்டவணையோட போடு. இதுக்கு மேல ஒரு அத்தியாயம் யாருக்கும் அமையாது. பதினோரு நாள் தாராளமா போதும்."

"தேதி போட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும் சார். லீவு ரெஜிஸ்டர எடுத்து வச்சா பத்து நிமிஷம்."

"கம்பெனி பேரே போடலையே நாம."

"கம்பெனிக்குத் தெரியும் இல்ல சார், அது கம்பெனின்னு."

அவர் உட்கார்ந்தார். நல்ல மனிதர். அவளுக்காக இரண்டு முறை உதவித்தொகைக்கு அலைந்தவர்.

"தலைப்புலயே வெளிப்படைத்தன்மைன்னு வச்சிருக்கம்மா. நீயே மறைச்சா எப்படி?"

"பொறிக்குத்தான் சார் அந்தத் தலைப்பு. அந்த அம்மாவுக்கு இல்ல."

"சரி, அப்ப என்னதான் எழுதப் போற?"

"என் தப்ப. குரல அழிக்கச் சொன்னது நான். யார் பேசினாங்கன்னு நிரூபிக்க என்கிட்ட எதுவும் இல்ல. சரிபார்க்காமலே சில பதிவுகள ஒதுக்கினேன். அதனால அந்த முடிவு செல்லாது. இதுல ஒரு வரிகூட பொய் இல்ல சார்."

"உன்ன முட்டாள்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும்."

"ஒரு வருஷம் போயிடும். உதவித்தொகை மார்ச்சோட முடியுது."

அப்பா போன வாரம்தான், இந்தத் தடவையாவது முடிந்துவிடுமா என்று கேட்டிருந்தார். முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தாள். வனமாமலை பச்சைக் கோடு போட்ட அந்தப் பக்கங்களை மேசையில் அவள் பக்கம் தள்ளினார். அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

கம்பெனிக்குக் கடிதத்தை அங்கேயே எழுதினாள். இடைக்கால அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். அதன் அடிப்படையில் எடுத்த முடிவுகள் எதுவானாலும் மறுபரிசீலனை செய்யுங்கள். பொறி அனுப்புகிற நன்றிகளை நம்ப வேண்டாம். தொழிலாளியிடம் நேரில் கேட்டு எழுத ஒரு ஆள் அவசியம். பிழை முழுவதும் என்னுடையது. கையெழுத்துப் போடும் முன் வனமாமலை ஒரு முறை படித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ரகுபதி கூப்பிட்டார். பொறுப்பில்லாத ஆராய்ச்சி, நிர்வாகத்தின் நேரம் வீண், இனி வளாகத்துக்குள் அனுமதி இல்லை என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் கேட்டார்:

"இதெல்லாம் திடீர்னு எப்படித் தெரிஞ்சுது மேடம்? உள்ள யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"என் டேட்டாவ நானே ஒழுங்கா பாத்தேன் சார். முன்னாடியே பாத்திருக்கணும்."

அவர் நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் திட்டுவதற்குக் கையில் ஒரு ஆள் கிடைத்துவிட்டபடியால் அவர் மேலே தோண்டவில்லை.

மாதக் கடைசியில் ஜாஸ்மின் ஃபோன் செய்தாள். பின்னால் பஸ் சத்தம்.

"நாச்சியார் மேடம் வரல. மூணு மாசம் பாப்போம்னு ஒரு பொண்ண போட்டுருக்காங்க. ஒரு மணிநேரம் கேன்டீன்ல நோட்டோட உக்காருது. கொஞ்சம் பயந்தாங்குளி. ஆனா எழுதுது."

"உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

"ஒண்ணும் கேக்கல. உங்க படிப்பு இன்னா ஆச்சு?"

"அந்த அத்தியாயம் போச்சு. மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

"எனக்காகவா?"

"என் தப்புக்கு."

"அதுவும் சரிதான்," என்றாள் ஜாஸ்மின், ஆறுதல் சொல்ல முயலாமல். "உங்க ரிப்போர்ட்டால நாச்சியார் மேடம் இப்ப படப்பைல ஜவுளிக் கடைல நிக்கறாங்க. போயி பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. எட்டு வருஷத்து நோட்டு அவங்க வூட்டுல கீது, ஒவ்வொருத்தன் பேசினது பேசின மாதிரியே. குடுப்பாங்களான்னு தெரியாது. மொதல்ல நல்லா திட்டுவாங்க."

கடை பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த நாள் காலை படப்பைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பெனிஷா வழி முழுக்க யோசித்தாள். நான்தான் அந்த ரிப்போர்ட் எழுதினவள் என்பதைத் தவிர வேறு தொடக்கம் கிடைக்கவில்லை. ஜவுளிக் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து, "இன்னா வேணும்மா?" என்று கேட்டபோது, அதையே சொன்னாள்.